குறுக்கு விசாரணை நடக்காத வாக்குமூலம்: சுயசரிதையை நம்பலாமா?

மொகல்தெருக்காரன்:
போன வாரம் ரங்கூன் பான்சோடான் தெரு நடைபாதைக் கடையில் ஒரு பழைய அரசியல்வாதியின் நினைவுக் குறிப்புகள் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்தேன். 40 பக்கத்தோடு மூடிவிட்டேன். எந்தக் கூட்டம் நடந்தாலும் இவர்தான் முதலில் எச்சரித்தாராம், யாரும் காது கொடுக்கவில்லையாம், அப்புறம் எல்லாரும் இவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்களாம். என்னைக் கேட்டால் சுயசரிதை என்பது குறுக்கு விசாரணை நடக்காத வாக்குமூலம். கொலை வழக்குப் புத்தகம் அப்படி இல்லை. 1947 ஜூலை 19 நடந்த பர்மா விடுதலைத் தலைவர் ஆங் சான் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். செயலகத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்தவர்கள் வந்த ஜீப், ராணுவக் கிடங்கிலிருந்து போலிக் காகிதம் காட்டி எடுத்த 200 பிரென் துப்பாக்கிகள், கொலைக்கு ஆள் அனுப்பிய முன்னாள் பிரதமர் ஊ சா வீட்டுக்குப் பின்னால் இன்யா ஏரியிலிருந்து மேலே வந்த ஆயுதங்கள் என்று ஒவ்வொன்றும் நீதிமன்றத்தில் வைத்து அலசப்பட்டது. ஊ சாவை 1948 மே 8 இன்செயின் சிறையில் தூக்கில் போட்டார்கள். இதில் யாருடைய தற்பெருமைக்கு இடம் இருக்கிறது?

தாட்டோன்பெண்:
அண்ணே, அரசியல்வாதி எழுதியதை வைத்து எல்லாருக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். எங்கள் தாத்தா ஒரு நோட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1941 டிசம்பர் 23 ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்த பிறகு குடும்பத்தோடு கிளம்பி, எல்லையில் இருக்கும் தாமு வழியாக இந்தியப் பக்கம் பாலேல், இம்பால் என்று நடந்தே போனவர், போர் முடிந்து திரும்பி வந்தவர். 1942இல் அப்படி நடந்தவர்கள் லட்சக்கணக்கில். செத்தவர்களுக்காக எந்த நீதிமன்றம் கூடியது, யாரைக் கூண்டில் ஏற்றினார்கள்? வெ. சாமிநாத சர்மா தான் நடந்த நடையை எழுதி வைத்ததால்தான் இன்றைக்குத் தமிழில் அதைப் படிக்கிறோம், அவர் பத்திரிகைக்காரர், பேர் தெரிந்தவர். மற்றவர்களுக்கு இந்த மாதிரி நோட்டுதான். தாத்தா சோறு பொங்கின இடம், தண்ணீர் எடுத்த ஓடை எல்லாம் எழுதியிருக்கிறார். நடுவில் ஒரு வரி: 'தங்கச்சி இன்று இல்லை.' அடுத்த வரி: 'பாலேலுக்கு இன்னும் 3 நாள் என்கிறார்கள்.' இதில் எங்கே இருக்கிறது தற்பெருமை?

மொகல்தெருக்காரன்:
மனசு கனக்கத்தான் செய்கிறது தங்கச்சி. ஆனாலும் ஒன்று கேட்பேன், கோபப்படாதே. எந்தப் பேனாவில் எழுதியிருக்கிறார்? மையா, பென்சிலா? 1942இல் காட்டுக்குள் நடந்துகொண்டே எழுதினதா, இல்லை பிற்பாடு உட்கார்ந்து யோசித்து எழுதினதா? 'இன்னும் 3 நாள்' என்று அன்றைக்கே தெரிந்து எழுதுவது வேறு, 20 வருடம் கழித்து அப்படி எழுதினால் நன்றாக இருக்கும் என்று எழுதுவது வேறு.

தாட்டோன்பெண்:
பால்பாயிண்ட் பேனா. இன்றுதான் எடுத்துப் பார்த்தேன். சரி, ஒத்துக்கொள்கிறேன், அது காட்டில் எழுதினது இல்லை. அத்தையிடம் கேட்டதற்கு, கடைகளெல்லாம் தேசியமயமான 1964க்கு அப்புறம், திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில் எழுதினார் என்றார். அதே வருடம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டும் செல்லாமல் போனது, தாத்தா பெட்டியில் வைத்திருந்தது பூராவும் 100 கியாட் நோட்டுதான். அந்த நஷ்டத்தைப் பற்றி நோட்டில் ஒரு வார்த்தை கிடையாது. 1942ஐ மட்டும்தான் எழுதியிருக்கிறார். நீங்கள் இதைப் பொய் என்பீர்கள். எனக்கென்னவோ பேனா தெரிந்த பிறகுதான் நோட்டே புரிகிறது.

மோல்மேன் மரைக்காயர்:
அண்ணன் சொன்ன கொலை வழக்குக்கு வருகிறேன். அன்று குண்டுபட்டு உயிர் போனவர்கள் 9 பேர். அதில் ஒருவர் கல்வி மந்திரி அப்துல் ரசாக். மெய்க்திலாவில் பிறந்தவர், அத்தா நம் தமிழ் முஸ்லிம், அம்மா பர்மியர். மாண்டலே தேசியப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். அவருடைய காவலாளி கோ ட்வே, 18 வயசுப் பையன், அவனும் போனான். இதைப் பற்றி என் கையில் கிடைத்த புத்தகங்களில் ஊ சாவுக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. அவர் பிரதமராக இருந்தது, 1946இல் அவரைச் சுட்டபோது கண்ணில் பட்ட காயம், ஆயுதம் விற்ற ஆங்கிலேய அதிகாரி, பின்னால் யார் இருந்தார்கள் என்ற ஊகம், பக்கம் பக்கமாக. ரசாக்குக்கு அரைப் பக்கம். கோ ட்வேக்கு ஒரு வரி, அதுவும் பட்டியலின் கடைசியில். சுட்டவனின் சின்ன வயசுக் கதை கிடைக்கிறது, சுடப்பட்டவன் என்ன சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வந்தான் என்று தெரியாது. இதுதான் உங்கள் நம்பகமான புத்தகமா?

மொகல்தெருக்காரன்:
பாய், நீங்கள் கேட்பது நியாயம்தான், ஆனால் ரசாக்குக்குத் தனியாக ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினால் எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். பிறந்தார், வளர்ந்தார், சிறந்தார். பள்ளிக்கூட ஆண்டு விழா மலர் மாதிரி இருக்கும். ஒரு மாணவனைக்கூட அடித்திருக்க மாட்டார். மாலை போட்ட படத்தைப் படிக்க நான் தயார் இல்லை. கொலைகாரனைப் பற்றி மட்டும்தான் நம் ஆட்கள் உண்மையை எழுதுகிறார்கள், ஏனென்றால் அவனுக்காகச் சண்டைக்கு வர யாரும் இல்லை.

பெகு வாத்தியார்:
கடைசி வரியில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, ஆனால் அதுவும் முழுசாக உண்மை இல்லை. கொலைகாரனும் சுயசரிதை எழுதியிருக்கிறானே. சென்னையில் பல கொலை செய்த ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதியதை நக்கீரன் பத்திரிகை வெளியிடப் போனபோது, அதில் அதிகாரிகளோடு இருந்த தொடர்பெல்லாம் வருகிறது என்றதும், அவன் அப்படி எழுதவே இல்லை என்று சிறைத்துறையிலிருந்தே கடிதம் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. நீதிமன்ற ஆவணம் மாதிரி பொதுவில் இருக்கும் பதிவை வைத்து எழுதினால் யாருடைய சம்மதமும் வேண்டாம், அதைத் தாண்டி ஒருவருடைய வீட்டுக்குள் போனால் சம்மதம் வேண்டும், பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயரையோ பதிவில் இருந்தாலும் அச்சில் போட்டு மறுபடியும் அவமானப்படுத்தக் கூடாது என்றார்கள். அடுத்த வருடம் சேலத்தில் அவனைத் தூக்கில் போட்டார்கள். அது இந்தியச் சட்டம், இங்கே செல்லாது என்பீர்கள். படிக்கிறவனுக்கு எந்த நாட்டுச் சட்டமாக இருந்தால் என்ன, புத்தகத்தை எடுத்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான், யாருடைய வீட்டுக்குள் போகிறார், கதவைத் தட்டினாரா என்று.

அப்புறம் மொகல்தெருக்காரரே, சுயசரிதை எல்லாம் தற்பெருமை என்று சொல்லும்முன் உ.வே.சா. எழுதியதைப் படித்துவிட்டு வாருங்கள். 1940இலிருந்து வாரா வாரம் விகடனில் வந்து, 1942இல் அவர் இறந்ததோடு பாதியில் நின்றுபோனது. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைத்த மனிதர். சீவக சிந்தாமணியை அதுவரை தான் படித்ததில்லை, புத்தகத்தைப் பார்த்ததுகூட இல்லை என்று அவரே சொல்கிறார், யாரும் கூண்டில் ஏற்றிக் கேட்கவில்லை.

மொகல்தெருக்காரன்:
வாத்தியாரே, உ.வே.சா.வைக் கொண்டுவந்தால் நான் என்ன சொல்வது? அவர் விதிவிலக்கு. விதிவிலக்கை வைத்து வாதாடினால் மொகல் தெருவில் நேர்மையான புரோக்கர்கூட உண்டு.

தாட்டோன்பெண்:
வாத்தியார் ஐயா சொன்ன கதவு விஷயம்தான் நேற்றிலிருந்து மண்டையைக் குடைகிறது. இவ்வளவு நேரம் தாத்தாவுக்காகப் பேசினேனே, ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. கூட நடந்த ஒருவர் மூட்டைக்குள் மலேரியாவுக்கான கொயினா மாத்திரை வைத்துக்கொண்டு, காய்ச்சலில் கிடந்தவர்களிடம் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக விற்றார் என்று, பெயர் போட்டு, ஊர் போட்டு, தகப்பனார் பெயரும் போட்டு எழுதியிருக்கிறார் தாத்தா. தாத்தாவின் தங்கச்சி இறந்தது அதற்கு இரண்டு பக்கம் தள்ளி. அந்த மனிதரின் பேரப்பிள்ளைகள் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார்கள், திருவிழாவுக்குச் சேர்ந்துதான் பொங்கல் வைக்கிறோம். அவர் பக்கத்து நியாயத்தை எழுத அவருக்கு நோட்டு இல்லை. எனக்கு அது உண்மை என்றுதான் படுகிறது, ஆனால் 20 வருடம் கழித்து, கடை போன கோபத்தோடு, பால்பாயிண்ட் பேனாவில்.

மோல்மேன் மரைக்காயர்:
பெயரை மட்டும் மறைத்துவிட்டு மற்றதைத் தட்டச்சு செய்யுங்கள் தங்கச்சி. மாத்திரை விற்றது நடந்திருந்தால் அது தெரிய வேண்டிய விஷயம்தான்.

பெகு வாத்தியார்:
தாட்டோனில் பெயரை மறைத்தால் மட்டும் தெரியாமல் போகுமா பாய்? நாலு வீடு.

மொகல்தெருக்காரன்:
தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை ரங்கூன் வருவதாகச் சொன்னாயே, நோட்டைக் கையோடு கொண்டு வா. காளி கோயில் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து பார்க்கலாம். தேதி ஒத்துவருகிறதா என்று நான் சரிபார்த்துத் தருகிறேன்.

தாட்டோன்பெண்:
கொண்டு வருகிறேன் அண்ணே. அந்த ஒரு பக்கத்தை மட்டும் அத்தை ஊசிநூல் போட்டுத் தைத்துவிட்டார். பிரிக்கக் கூடாது.

மொகல்தெருக்காரன்:
எனக்கு அந்தப் பக்கம்தானே வேணும்!