அயர்லாந்து பூசையில் ஏன் யாரும் பாடுவதில்லை?

மீத்_தம்பி:

இயேசுவுக்கே புகழ்! வேலைக்காக மீத் கவுண்டிக்கு வந்திருக்கிறேன். நான் கத்தோலிக்கன். இங்கே ஞாயிறு பூசை அரை மணி நேரம், மிஞ்சினால் நாற்பது நிமிடம். பல வாரம் ஒரு பாட்டுகூட இருக்காது. பாடகர் குழு வரும் நாளிலும் அவர்கள் மட்டும் பாடுவார்கள், பெஞ்சில் இருப்பவர்கள் வாய் திறப்பதில்லை. நன்மை (நற்கருணை) வாங்கியதும் சிலர் அப்படியே வெளியே போய்விடுகிறார்கள்.

எனக்குச் செபம் வருவதே பாட்டில்தான். பிரசங்கம் மறந்துபோகும், பாட்டு வாரம் முழுக்கக் கூடவே வரும். அது இல்லாமல் வீடு திரும்பினால் மனசு நிறையவில்லை. இவர்களுக்கு விசுவாசம் விட்டுப்போய்விட்டதா? பக்கத்திலேயே சர்ச் ஆஃப் அயர்லாந்து என்ற ஆங்கிலிக்கன் சபையின் கோவில் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போது எல்லோரும் பாடுவது கேட்கும். அங்கே போகலாமா?

கார்க்_ஆல்டோ:

பாடாததை வைத்து விசுவாசத்தை அளக்காதே தம்பி. நான் கார்க் பக்கம் ஒரு பங்கில் பல வருஷமாகப் பாடகர் குழுவில் இருக்கிறேன். வந்த புதிதில் எனக்கும் இதே ஏக்கம்தான்.

18-ஆம் நூற்றாண்டில், கத்தோலிக்கர்களை ஒடுக்கிய சட்டங்கள் இருந்தபோது, பல இடங்களில் பூசை வெட்டவெளியில், ஒரு பாறையைப் பீடமாக வைத்து நடந்தது. 'மாஸ் ராக்' என்று அந்தப் பாறைகளை இன்றும் காட்டுவார்கள். 1829-இல் கத்தோலிக்கர்களுக்கு உரிமை கிடைத்த பிறகு பெரிய பெரிய கோவில்கள் எழும்பின. ஆனாலும் சாதாரணப் பங்குகளில் சாமியார் லத்தீனில் தணிந்த குரலில் பூசை வைப்பார், சனங்கள் செபமாலை உருட்டுவார்கள். 1965-இல்தான் பூசை மக்கள் மொழிக்கு வந்தது. எங்கள் குழுவில் இருக்கும் வயதானவர்கள் அந்த மௌனத்தில் முழங்காலிட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்கு மௌனமே செபம்.

இங்கே பாட்டு கேட்க வேண்டுமென்றால் அடக்கப் பூசைக்குப் போ. எங்கள் பங்கில் ஒரு விவசாயி, ஞாயிற்றுக்கிழமை கதவோரமே நின்று போய்விடுவார். பக்கத்துத் தோட்டக்காரரைப் புதைத்த அன்று, கல்லறை ஓரத்தில் அவர்தான் ஐரிஷில் செபமாலையைத் தொடங்கினார். முடிந்ததும் பெண்கள் புத்தகமே இல்லாமல் மாதாவின் பாட்டை எல்லாச் சரணமும் பாடினார்கள். ஒரு மாதம் கழித்து இறந்தவருக்காக 'மந்த்ஸ் மைண்ட்' பூசை வைப்பார்கள். அதற்கும் கோவில் நிறையும்.

இன்னொன்று. ஷான் ஓ ரியாடா என்ற இசையமைப்பாளர் எங்கள் கவுண்டியில், கூல் ஏ என்ற ஐரிஷ் பேசும் ஊரில் குடியேறி, அங்கே ஒரு பாடகர் குழுவைத் தொடங்கி, ஐரிஷ் மொழியிலேயே பூசைக்கு இசை அமைத்தார். அவர் 1971-இல் இறந்துவிட்டார். அவருடைய பரலோக மந்திரத்தை இன்றைக்கும் பாடுகிறோம். அதைத் தொடங்கினால் பெஞ்சிலிருந்தும் குரல் வரும், பார்.

எண்ணிக்கை குறைந்தது உண்மைதான். 2016 கணக்கெடுப்பில் கத்தோலிக்கர் என்று சொன்னவர்கள் சுமார் 79 சதவீதம், 2022-இல் 69. திருச்சபையினர் கையில் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளை 2009-இல் ரயன் அறிக்கையும் மர்ஃபி அறிக்கையும் வெளியே கொண்டுவந்த பிறகு எத்தனையோ பேர் மனம் உடைந்து போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவ்வளவுக்கும் பிறகு வந்து உட்கார்ந்திருப்பவர்களை விசுவாசம் இல்லாதவர்கள் என்று சொல்லவும் வராது.

டெரி_டெனர்:

நான் சி.எஸ்.ஐ.-யில் வளர்ந்தவன், இப்போது டெரியில் புனித கொலம் பேராலயத்துக்குப் போகிறேன். தாராளமாகப் போங்கள் தம்பி, சந்தோஷமாக வரவேற்பார்கள். கிராமத்துக் கோவில் என்றால் சபை சின்னதாக இருக்கும், ஆனால் பாட்டில் ஒரு சரணத்தையும் விடமாட்டார்கள்.

எங்கள் பிஷப் ஒருவரின் மனைவிதான் செசில் ஃபிரான்சிஸ் அலெக்சாண்டர். குழந்தைகளுக்கு விசுவாசப் பிரமாணத்தை விளக்கப் பாட்டாகவே எழுதினார். 'பரத்தையும் பூமியையும் படைத்த' என்ற வரிக்கு 'ஆல் திங்ஸ் பிரைட் அண்ட் பியூட்டிஃபுல்', கன்னிமரியிடம் பிறந்ததற்கு 'ஒன்ஸ் இன் ராயல் டேவிட்ஸ் சிட்டி'. புத்தகம் 1848-இல் வந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

நீங்கள் மீத்தில் இருப்பதால் இதையும் சொல்கிறேன். 'பி தௌ மை விஷன்' பழைய ஐரிஷ் செபம். மேரி பர்ன் 1905-இல் ஆங்கில உரைநடையாக்கினார், எலினோர் ஹல் 1912-இல் செய்யுளாக்கினார், 1919-இல் சர்ச் ஆஃப் அயர்லாந்து பாட்டுப் புத்தகத்தில் ஒரு நாட்டுப்புற மெட்டோடு சேர்ந்தது. அந்த மெட்டுக்குப் பெயர் 'ஸ்லேன்'. உங்கள் கவுண்டியில் இருக்கும் ஸ்லேன் குன்றுதான். தாரா அரசனின் கட்டளையை மீறிப் புனித பேட்ரிக் ஈஸ்டர் நெருப்பு மூட்டியது அங்கேதான் என்பது மரபு.

நம் தமிழ்ப் பாட்டுப் புத்தகமான பாமாலையிலும் அயர்லாந்து இருக்கிறது. 'பாவ சஞ்சலத்தை நீக்க' பாட்டின் மூலத்தை எழுதிய ஜோசப் ஸ்கிரிவன், டவுன் கவுண்டி பேன்பிரிட்ஜ்காரர். 'என்னோடிரும் மா நேச கர்த்தரே' பாட்டின் மூலத்தை எழுதிய ஹென்றி லைட் என்னிஸ்கில்லனிலும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும் படித்தவர்.

லிஃபி_கரை:

டெரி அண்ணா ஒன்றை விட்டுவிட்டார். நீங்கள் கத்தோலிக்கர் என்பதால் அங்கே செபத்திலும் பாட்டிலும் சேரலாம், திருவிருந்து வாங்குவதில்லை என்பது நம் திருச்சபை ஒழுங்கு. ஞாயிறு பூசைக்கும் அது ஈடாகாது. டப்ளின் வந்தால் புனித பேட்ரிக் பேராலயத்தில் மாலை செபம் கேளுங்கள். அதன் பாடகர் பள்ளி 1432-இல் தொடங்கியது.

கார்க் அக்கா சொன்ன வரலாறு சரி, ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. எங்கள் பங்கில் வாராவாரம் புதுப் பாட்டு எடுக்கிறார்கள், சுருதியும் உச்சத்தில். பழைய நாலு பாட்டை இறக்கிப் பாடினால் சனங்கள் சேர்ந்துகொள்வார்கள். எங்கள் பங்கில் கேட்டும் பார்த்தேன், இன்னும் மாற்றவில்லை.

மீத்_தம்பி:

ரொம்ப நன்றி. ஞாயிறு பூசையை விடமாட்டேன், மாலை ஆராதனைக்கு அங்கே போய்ப் பார்க்கிறேன். அக்கா, பாடகர் குழுவில் சேர ஐரிஷ் தெரிய வேண்டுமா?

கார்க்_ஆல்டோ:

வேண்டாம். நான் 'ஆர் நாஹிர்' என்று தமிழ் எழுத்தில் எழுதிவைத்துத்தான் பரலோக மந்திரம் கற்றேன். பூசை முடிந்ததும் ஆர்கன் வாசிப்பவரிடம் நேரே போய்க் கேள். ஆண் குரலுக்கு எல்லாப் பங்கிலும் தட்டுப்பாடுதான், பயிற்சி எந்தக் கிழமை என்று அங்கேயே சொல்லிவிடுவார்.