பழைய டீசல் வேன் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, அவசரம்

வேன்வாசி:
வணக்கம். டீசல் வேன், பழசு. காலையில் எடுத்தால் பிடிக்க மாட்டேன் என்கிறது. செல்ஃப் நன்றாகத்தான் சுற்றுகிறது. ரொம்ப நேரம் சுற்றிய பிறகு தடுமாறித் தடுமாறிப் பிடிக்கிறது. நாளைக்கு வண்டி கட்டாயம் வேண்டும். எதை மாற்றினால் சரியாகும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

திருப்புளி:
என்ன என்ஜின்? டர்போ உண்டா? டீசல் பம்ப் மெக்கானிக்கலா, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயிலா? புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம்? சமீபத்தில் யாராவது கை வைத்தார்களா? இதெல்லாம் தெரியாமல் எதை மாற்றச் சொல்வது?

நட்டுபோல்ட்டு:
ஹீட்டர் பிளக், சிலிண்டருக்குள் சூடேற்றுமே, அதுதான். யோசிக்கவே வேண்டாம், நான்கையும் மாற்றுங்கள்.

கரும்புகை:
கேட்டவுடன் "மாற்று, மாற்று". முதலில் டீசல் எப்படி எரிகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பார்க் கிடையாது. பழைய என்ஜின்களில் காற்றை 20 மடங்குக்கு மேல் அழுத்துகிறோம், அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ஹீட்டர் பிளக் குளிர்ந்த என்ஜினுக்கு ஒரு கைத்தாங்கல், அவ்வளவே. இங்கே இதைப் பலமுறை எழுதியாயிற்று. தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

வேன்வாசி:
டர்போ இல்லை. மெக்கானிக்கல் பம்ப், ரோட்டரி. டேஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு எரிந்து அணைந்த பிறகுதான் செல்ஃப் அடிக்கிறேன், அதனால் ஹீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. ஓடிய பிறகு நிறுத்தி எடுத்தால் தொட்டவுடன் பிடிக்கிறது.

நட்டுபோல்ட்டு:
சூட்டில் பிடிக்கிறது, குளிரில் பிடிக்கவில்லை. இதைவிட என்ன வேண்டும்? விளக்கு அணைவதை நம்பாதீர்கள். அது டைமர் சொல்கிற கணக்கு, பிளக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான்கும் எரிந்து போயிருந்தாலும் விளக்கு பாட்டுக்கு எரிந்து அணையும். பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்கையும் மல்டிமீட்டரில் பாருங்கள். நல்ல பிளக் என்றால் 1 ஓம் பக்கத்தில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அது செத்துவிட்டது.

திருப்புளி:
அதைப் பார்க்கட்டும், தவறில்லை. ஆனால் புகை பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. காலையில் ஒருவரைப் பின்னால் நிற்க வைத்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். பிடிப்பதற்கு முன்பே வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். அப்போது ஹீட்டரையும் கம்ப்ரஷனையும் பார்க்கலாம். புகையே இல்லை என்றால் டீசலே போய்ச் சேரவில்லை. இரண்டும் வேறு வேறு நோய்.

ஏழாம்கியர்:
அவசரம் என்றால் ஏர் ஃபில்டரில் ஸ்டார்டிங் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள், உடனே பிடிக்கும்.

திருப்புளி:
தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஸ்ப்ரேயில் உள்ள ஈதரும் பழுக்கக் காய்ந்த ஹீட்டர் பிளக்கும் சேர்ந்தால் பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடிக்கும். ரிங் போகும், பிஸ்டனே உடையவும் கூடும்.

ஏழாம்கியர்:
சரி விடுங்கள். டேங்கில் கொஞ்சம் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றுவது) ஊற்றிப் பாருங்கள். இப்போது வரும் டீசலில் கந்தகம் கிடையாது, பழைய பம்புக்கு வழவழப்புப் போதாது. நான் எப்போதும் ஊற்றுகிறேன், சத்தமே குறைந்துவிட்டது.

கரும்புகை:
ஐயா, வழவழப்பு தருவது கந்தகம் இல்லை. கந்தகத்தை எடுக்கும் சுத்திகரிப்பில் அதோடு வேறு சில பொருள்களும் போய்விடுகின்றன, அவைதான் வழவழப்பு தந்தவை. அதை ஈடுகட்டத்தான் எண்ணெய் நிறுவனங்களே சேர்மானம் கலக்கின்றன. ஐரோப்பிய டீசல் தரமான இஎன் 590-இல், தேய்மானச் சோதனையில் விழும் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் நீங்கள் ஊற்றுவது உங்கள் மனத் திருப்திக்கு.

ஏழாம்கியர்:
சோதனைக்கூடத்துக் கணக்கு வேறு, ரோட்டில் ஓடுவது வேறு. என் பம்ப் இன்னும் கழற்றாமல் ஓடுகிறது.

கரும்புகை:
ஊற்றாதவர்களின் பம்பும்தான் ஓடுகிறது.

நட்டுபோல்ட்டு:
2டி சண்டைக்குத் தனி இழை இருக்கிறதே, அங்கே போங்களேன்.

வேன்வாசி:
பார்த்தேன். செல்ஃப் அடிக்கும்போது புகை சுத்தமாக இல்லை. பிடித்த பிறகு கொஞ்ச நேரம் வெள்ளையாக வருகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது. பிளக் நான்கும் மீட்டரில் 1 ஓம் பக்கம்தான் காட்டுகின்றன. போன வாரம் டீசல் ஃபில்டர் மாற்றியது. லீக் எதுவும் இல்லை, கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை.

திருப்புளி:
ஃபில்டர் மாற்றியதை இப்போதுதான் சொல்கிறீர்கள்!

மண்ணெண்ணெய்:
இத்தனை நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். இது காற்று. இந்த மாதிரி ரோட்டரி பம்புகள் பலவற்றில் தனி ஃபீட் பம்ப் கிடையாது, அதுவே டேங்கிலிருந்து டீசலை இழுத்துக்கொள்ளும். இழுக்கும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். சொட்டு இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ராத்திரி முழுக்க நிற்கும்போது டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்ப் முதலில் காற்றை விழுங்கிவிட்டுத்தான் டீசலைத் தொடும். கொஞ்ச நேரம் மட்டும் நிறுத்தினால் இறங்க அவகாசம் இல்லை, அதனால் உடனே பிடிக்கிறது. சூடு, குளிர் இரண்டும் இங்கே ஏமாற்று.

நாளைக் காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன், ஃபில்டர் தலையில் உள்ள கை பம்பைக் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். அப்புறம் எடுத்தால் உடனே பிடித்தால் காற்றுதான், வேறு பேச்சே இல்லை. பிறகு எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். பம்புக்குள் போகும் குழாயில் ஒரு துண்டு டிரான்ஸ்பரன்ட் ஹோஸ் வைத்தால் குமிழி கண்ணுக்குத் தெரியும். சந்தேகம் வைக்க வேண்டிய இடங்கள்: ஃபில்டரின் ரப்பர் வளையம் (பழையதும் ஒட்டிக்கொண்டு இரண்டாக இருக்கிறதா பாருங்கள்), அடியில் தண்ணீர் இறக்கும் திருகு, கை பம்பின் ரப்பர், பான்ஜோ போல்ட்டின் (குழாயை இணைக்கும் துளையுள்ள போல்ட்) செப்பு வாஷர், டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்கு நடுவே ஓடும், மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் நூல் சுற்றிய சின்ன ரிட்டர்ன் ஹோஸ். கடைசியாகச் சொன்னதை யாரும் பார்ப்பதில்லை, சூட்டில் அது பிஸ்கட் மாதிரி ஆகிவிடும்.

அதுவரை செல்ஃபை ஒரேயடியாக அடிக்காதீர்கள். 10, 15 நொடி அடித்து, விட்டு விட்டு அடியுங்கள். டீசல்தான் அந்தப் பம்புக்கு எண்ணெய், காய்ந்து சுற்றினால் தேயும்.

கரும்புகை:
நானும் இதைத்தான் சொல்ல வந்தேன்.

திருப்புளி:
எங்கே சொன்னீர்கள்?

ஏழாம்கியர்:
நாசில் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்துவிட்டால் போதாதா?

மண்ணெண்ணெய்:
எடுக்கலாம், மறுநாள் திரும்ப வரும். தளர்த்தும்போது கையைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், பிறகு ஆஸ்பத்திரிதான்.

வேன்வாசி:
கை பம்ப் அடித்தவுடன் பிடித்தது. ரிட்டர்ன் ஹோஸ் மாற்றியாச்சு. இப்போது சரி. எல்லோருக்கும் நன்றி, கிளம்புகிறேன்.

மண்ணெண்ணெய்:
நல்லது. எந்த ஹோஸ்? நாசில்களுக்கு நடுவில் உள்ளதா, டேங்குக்குத் திரும்பிப் போவதா? ஃபில்டர் மாற்றும்போது கை பட்டு உடைந்ததா? பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

திருப்புளி:
அவர் போய்விட்டார் போல.

நட்டுபோல்ட்டு:
எதற்கும் ஹீட்டர் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலேயையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள்.