‘ஈ மீன்பிடிப்பு’ வேண்டாம், ‘இறகுத் தூண்டில்’ போதும்

அனைவருக்கும் வணக்கம். நுனியில் செயற்கைப் பூச்சி கட்டிய தூண்டிலால் மீன் பிடிக்கும் ‘fly fishing’ கலைக்கும் அதன் சொற்களுக்கும் தமிழ்ப்பெயர் தேடும் நம் பட்டியலைப் பற்றி எழுதுகிறேன்.

‘ஈ மீன்பிடிப்பு’ என்ற பரிந்துரையை முதலிலேயே கழித்துவிடலாம். ஈயைப் பிடிப்பதா, மீனைப் பிடிப்பதா என்று படிப்பவர் திகைப்பார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். விலங்கியல்படியும் அது நிற்காது. ஈ என்றால் இரண்டே சிறகு. குளிர்ந்த மலையாறுகளில் வாழும் ட்ரவுட் மீன் எம்பி எடுக்கும் ஆற்றுப்பூச்சிகளில் பலவற்றுக்கு நான்கு. ‘பறக்கும் மீன்பிடிப்பு’ என்பதை எந்த இயந்திரம் மொழிபெயர்த்துக் கொடுத்ததோ, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கோபி அண்ணன் முன்வைத்த ‘சாட்டைத் தூண்டில்’ அப்படி ஒதுக்கக்கூடியதல்ல. மாட்டுவண்டி ஓட்டிய கைக்கு அந்த வீச்சு உடனே பிடிபடும். நம் குளத்துத் தூண்டிலில் எடை நுனியில் இருக்கிறது. ஈயக்குண்டைச் சுழற்றி விட்டால் அது நரம்பை இழுத்துக்கொண்டு போய் விழும். இங்கே நுனியில் இருப்பது ஊதினால் பறக்கும் இறகு. அதைச் சுமந்து போவது நூல்தான். மேலே பிளாஸ்டிக் பூசிய தடித்த நூல். ஐந்தாம் எண் நூலில் முதல் 30 அடி மட்டும் சுமார் 9 கிராம் இருக்கும். அந்த எடையைக் கோலால் பின்னுக்கு வீசி, நூல் முழுவதும் நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னுக்குத் தள்ள வேண்டும். பொறுக்காமல் தள்ளினால் சாட்டையின் ‘சொடேர்’ சத்தமே கேட்கும். நுனியில் கட்டிய பூச்சி அறுந்து போயிருக்கும். பிழையின் அடையாளமான ஒன்றைக் கொண்டு கலைக்குப் பெயர் வைப்பானேன், அண்ணா?

‘வீச்சுத் தூண்டில்’ என்பது வீச்சு வலைக்கு அண்டையில் நன்றாகவே உட்காருகிறது. ஆனால் பவானிசாகர் கரையில் நின்று உலோகத் தகட்டை வீசி மீன் பிடிப்பவரும் அதற்குள் அடங்கிவிடுவார். பிரித்துக் காட்டாத கலைச்சொல்லால் என்ன பயன்?

என் பரிந்துரை ‘இறகுத் தூண்டில்’. நுனியில் கட்டுவது ‘இறகுப்பூச்சி’. அதைக் கட்டும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். தூண்டில் முள்ளைச் சிறிய வைஸ் (பிடிகருவி) ஒன்றில் இறுக்கி, நூலால் சுற்றி, சேவலின் கழுத்து இறகு ஒன்றை முள்ளின் தண்டைச் சுற்றிக் கட்டுவார்கள். சுற்றச் சுற்ற இழைகள் நாற்புறமும் விரிந்து நிற்கும். விறைப்பான அந்த இழை நுனிகள்தாம் நீர்ப்பரப்பில் ஊன்றி, முள்ளை மூழ்காமல் தாங்குகின்றன. பெட்டைக்கோழியின் இறகு மென்மையானது, நீரை உறிஞ்சி அமிழ்ந்துவிடும். அதனால் அது நீருக்குள் விடும் பூச்சிக்கு உதவுகிறது. ‘மிதக்கும் பூச்சி’, ‘அமிழும் பூச்சி’ என்று நேராகவே சொல்லிவிடலாம். நம் மலைக்காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகுக்கு, அதன் பளபளக்கும் புள்ளிகளுக்காகவே, ஒரு காலத்தில் பிரிட்டனில் பெரும் கிராக்கி இருந்தது. இன்று அது 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள பறவை. ‘இப்போது செயற்கை இழையிலும் கட்டுகிறார்களே’ என்று கேட்பீர்கள். மூக்குக் கண்ணாடி பிளாஸ்டிக் ஆகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பெயரை மாற்றினோமா?

திருப்பூர் அம்மணி சுட்டிய எண் குழப்பம் நியாயமானது. மில்லில் 40-ஆம் நம்பர் நூல் 20-ஆம் நம்பரைவிட மெலிது. இங்கே எண் கூடக்கூட நூல் கனக்கும். முள்ளிலோ மறுபடியும் தலைகீழ்: 12-ஐவிட 18 சிறியது. நூலுக்கு ‘எடை எண்’, முள்ளுக்கு ‘அளவு எண்’ என்று பிரித்து எழுதுவோம். வெறும் ‘நம்பர்’ என்றால் நம் பக்கத்து வாசகர் நிச்சயம் தவறாகத்தான் புரிந்துகொள்வார்.

ட்ரவுட்டுக்குத் தமிழ்ப்பெயர் தேடுவதை விட்டுவிடலாம். 1860களில் மீனியலாளர் பிரான்சிஸ் டே நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்ற மீன் அது. பிறகு எச்.சி. வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணரின் முயற்சியில் 1907-இல் அங்கே அவலாஞ்சியில் மீன்முட்டைப் பொரிப்பகம் அமைந்தது; அதன் பிறகுதான் மலையில் நிலைத்தது. அவலாஞ்சித் தண்ணீர் குந்தா வழியாகப் பவானியில் இறங்கி நம் வயல்களுக்கு வருகிறது. மீன் மட்டும் இறங்குவதில்லை. 20 டிகிரிக்கு மேல் சூடேறிய நீர் அதற்கு ஒவ்வாது. அடிவாரத்தில் யாரும் அதைப் பார்த்ததில்லை, பெயர் வைக்கவுமில்லை. வந்த பெயரோடு இருக்கட்டும்.

‘hatch’ என்பதற்குப் ‘பொரிப்பு’ என்று பட்டியலில் இருக்கும் சொல்லை மட்டும் மாற்றியே ஆக வேண்டும். இங்கே முட்டை எதுவும் பொரிவதில்லை. ஆற்றுக் கற்களின் அடியில் வளர்ந்த இளம்பூச்சிகள் கூட்டமாக நீர்மட்டத்துக்கு வந்து, தோலைக் கிழித்து, சிறகு உலர்ந்ததும் எழும் நேரம் அது. சிறகு உலரும் அந்தச் சில நொடிகளில் ட்ரவுட் அவற்றை எளிதாகப் பிடித்துவிடும். மழை விட்டதும் ‘ஈசல் புறப்பட்டது’ என்கிறோம். அந்த வினையே போதும். ‘பூச்சிப் புறப்பாடு’ என்று வைக்கலாம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நூலின் நடுப்பகுதி வேகமான ஓட்டத்தில் விழுந்தால், வளைந்து, பூச்சியைத் தரதரவென்று இழுக்கும். அப்படி ஓடும் பூச்சியை ட்ரவுட் சீண்டாது. அதற்கு முன் கோல் நுனியால் நூலை மட்டும் தூக்கி, ஓட்டம் வரும் பக்கமாக வளைத்துப் போட வேண்டும், பூச்சி அசையக் கூடாது. இழுப்பதற்கு (drag) ‘இழுவை’ சரி. தூக்கிப் போடுவதற்கு (mend) ‘திருத்தம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விடைத்தாள் வாசனை அடிக்கிறது. ‘நூல் மாற்றல்’ என்றால் வேறு நூல் பூட்டுவதாகிவிடும். பவானியிலோ அமராவதியிலோ தூண்டில் போட்டுப் பழகியவர்கள் வாயில் இதற்கு ஒரு வினை இருந்தால் எழுதுங்கள்; அதுவரை அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.