சிங்கப்பூர் பெடோக் ஜெட்டியில் நாக்கு மீன்: கடி தெரிகிறது, முள் காலியாக வருகிறது

கேட்பவர்: வெள்ளைமணல்
1/0 எண் தூண்டில் முள், இரைக்குச் செத்த இறால், ஈயத்துக்கு மேலே முள் கட்டிய இரண்டு கிளை லைன். கொறிப்பது கம்பில் நன்றாகத் தெரிகிறது, சுண்டினால் முள் காலி. எதை மாற்றலாம்? இன்னொன்று: மலாயில் இக்கான் செபெலா என்பதும் நாக்கு மீனும் ஒன்றுதானா?

அடிக்கடல்
ஒன்றில்லை. நாக்கு மீன் இக்கான் லிடா. செபெலா என்று பெரும்பாலும் சொல்வது எருமை நாக்கு என்ற வேறு தட்டை மீனை. அதற்கு வாய் அகலம், பல் கூர்மை, முதுகுத் துடுப்பு கண்ணைத் தாண்டித்தான் தொடங்கும். நாக்கு மீனுக்குத் துடுப்பு தலையிலிருந்து வாலைச் சுற்றி ஒரே விளிம்பாக ஓடும், இரண்டு கண்ணும் இடப்பக்கம், வாய் சின்னக் கொக்கி மாதிரி கீழ்நோக்கி வளைந்திருக்கும். அந்த வாய்க்குள் 1/0 எப்படிப் போகும்? 8 அல்லது 10 எண் (இந்த வரிசையில் எண் கூடினால் முள் சின்னது), நீளத்தண்டு முள் போடுங்கள். இரை புழு, மூன்று சென்டிமீட்டர் போதும்.

பெரிய தப்பு கிளைதான். மீன் மணலோடு ஒட்டிக் கிடக்கிறது, உங்கள் இரை அதன் தலைக்கு மேலே ஆடுகிறது! துளை ஈயத்தை லைனில் ஓடவிட்டு, சுவிவலுக்கு (சுழலும் இணைப்பு வளையம்) கீழே அரை மீட்டர் லீடர், அதாவது முள் கட்டும் நுனி லைன், கட்டினால் இரை தரையில் படுக்கும். கொறித்ததும் சுண்டாதீர்கள். லைனைத் தளர்த்தி, ஐந்து எண்ணி, மெதுவாகத் தூக்குங்கள். எல்லாக் கடியும் நாக்கு மீன் கடியல்ல, பொடி மீனும் இரையைப் பிய்க்கும்.

நீரோட்டம்
எருமை நாக்குக்கு மட்டும் இது பொருந்தாது அண்ணே. அது கண்ணால் பார்த்துப் பாய்கிற மீன், அசையாத இரையைக் கண்டுகொள்ளாது. உயிர் இறால் அல்லது சின்னத் தம்பான் (மத்தி வகை மீன்), 1/0 முள். ஒரு மீட்டர் இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். ஈயம் கிளப்பும் சேற்றுப் புகையே அதைத் திரும்பிப் பார்க்க வைக்கும். இரவில் இன்னும் நல்லது.

மணல்திட்டு
ஒரு எச்சரிக்கை. பழுப்பு உடம்பில் கருவிளிம்போடு வெளிர் புள்ளிகள், கண்கள் வலப்பக்கம் என்றால் அது மயில் நாக்கு. முதுகுத் துடுப்பு, அடித்துடுப்பு இரண்டின் வேரிலும் பால் மாதிரி நஞ்சு கசியும். மற்ற மீன்கள் நீந்தும் வாளியில் போட்டால் அவை செத்துப்போகலாம். முள்ளைக் கழற்றி அங்கேயே கடலில் விட்டுவிடுங்கள்.

வெள்ளைமணல்
நன்றி. நாக்கு மீனின் தோலை எப்படி உரிப்பது?

அடிக்கடல்
தலையோரம் தோலை மட்டும் கீறி, விரலில் உப்புத் தொட்டுப் பிடித்து வால் வரை ஒரே இழுப்பு. உப்பில்லாமல் பிடித்தால் வழுக்கும்.