சீர் குழு: அப்பத்தா எந்தக் கார்ல?

பாப்பாத்தி அத்தை: ஞாயித்துக்கிழமை வால்பாறை சீருக்கு எத்தனை காருங்க? உங்க அப்பத்தா கதிர் கார்லதான் வருமாம்

கதிர்: போலோ சந்தேகம் அத்தை. ரீமேப் பண்ணி இஞ்சின் புரோகிராம மாத்துனதுல இருந்து மூணாவது கியர்ல முழுசா மிதிச்சா 3500 ஆர்பிஎம்ல வெட்டுது. இஞ்சின் லைட் மினுக்குது. ஸ்கேனர்ல பிழைக் கோடு பி 0302

செல்வம் மாமா: லைட் மினுக்குனா உடனே கால எடுத்துரு கண்ணு. எரியாத பெட்ரோல் புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல போய் எரியும், உள்ள உருகிரும். அந்தக் கோடு ரெண்டாம் சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அதுல பெட்ரோல் சரியா எரியல

தீபா: அப்பத்தாவுக்கு முன் சீட். 40 கொண்டை ஊசி வளைவு

செல்வம் மாமா: இஞ்சின் நல்லா ஆறட்டும். ஸ்பார்க் பிளக் குழிய காத்தடிச்சுட்டுக் கழட்டு, இல்லாட்டி மண்ணு உள்ள விழும். பிளக்குக்கு வோல்டேஜ் குடுக்கற ரெண்டாம் சிலிண்டர் காயில ஒண்ணாவதுக்கு மாத்து, கோட அழிச்சுட்டு ஓட்டு. பி 0301 வந்தா காயில் போச்சு. 0302-வே வந்தா பிளக் இடைவெளி பாரு. ரீமேப்ல பூஸ்ட், அதாவது டர்போ காத்தழுத்தம், ஏத்துனா காத்து நெருங்கிரும், பொறி தாண்ட வோல்டேஜ் அதிகம் கேக்கும். 0.65 மி.மீ.க்குக் கொண்டு வா. பக்கத்துக் கொம்ப மட்டும் வளை. நடு முனைல இடைவெளி அளக்கற ஃபீலர் கேஜ அழுத்துனா நுனி உடைஞ்சுரும்

மணி அண்ணன்: தேங்கா யாரு வாங்கறீங்க

மணி அண்ணன்: போன சீருக்கு வண்டி அனுப்பாதவங்க இந்தத் தடவ அனுப்பட்டும்

பாப்பாத்தி அத்தை: அந்தப் பேச்சு வேண்டாம் மணி

கதிர்: 0302-வேதாங்க மாமா. இடைவெளி 0.85 இருக்கு

செல்வம் மாமா: அதான். ஆனா பிளக்கோட நிக்காத, ஓடறப்ப இஞ்சின் ரீடிங்க பதிவு பண்ணி லாக் எடு. மூணாவது கியர், 2500-ல இருந்து 6000 வரைக்கும் ஒரே மிதி. வண்டிய உருளைல நிறுத்தி ஓட்டற டைனோவுல எடு, இல்ல செட்டிப்பாளையம் கரி டிராக்ல. அவினாசி ரோட்டுல வேண்டவே வேண்டாம். சிலிண்டருக்கு சிலிண்டர் நாக் ரிடார்டு பாரு, இஞ்சின் தட்டுனா பொறிய எத்தனை டிகிரி தாமதமாக்குதுன்னு. ஒரு டிகிரி வந்து போனா சரி. மூணு நாலு டிகிரி விடாம பின்வாங்குனா அந்த மேப்புக்கு பெட்ரோலோட ஆக்டேன், அதாவது தட்டாம தாங்கற அளவு, போதல. எந்த ஆக்டேனுக்கு எழுதுன ரீமேப் ஃபைல்?

கதிர்: 98ங்க. ஊத்தறது 95

செல்வம் மாமா: அப்ப அந்த ஃபைலோட மலை ஏறாத. அஞ்சு பேர வெச்சுட்டு நாலாவது கியர்ல 1500-ல மிதிச்சா, சின்ன டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இஞ்சின்ல பொறி வர்றதுக்கு முன்னாடியே தானா பத்திக்கும். பிஸ்டன்ல ரிங் உக்கார்ற வரப்பு ஒரே அடில பேந்துரும். எந்த மேப்பா இருந்தாலும் வளைவுல ரெண்டாவது போட்டு 2500-க்கு மேல வெச்சுக்க. கம்பெனில வந்த ஸ்டாக் ஃபைல் இருக்கா?

கதிர்: லேப்டாப்ல இருக்குங்க

செல்வம் மாமா: சனிக்கிழமை ஏத்திரு. பேட்டரில சப்போர்ட் சார்ஜர் மாட்டிட்டு ஏத்து, 13 வோல்ட்டுக்குக் கீழ விடாத. பாதில நின்னா இஞ்சின் கம்ப்யூட்டர் இசியு எந்திரிக்காது

கதிர்: பிளக் மட்டும் சரி பண்ணா போதாதுங்களா மாமா

செல்வம் மாமா: லாக் பாத்துட்டுச் சொல்றேன்

மணி அண்ணன்: இன்னோவாவுல ஒரு எடம் இருக்கு

தீபா: கதிர் கார்தான் வேணும்னு அப்பத்தா உக்காந்திருக்கு

பாப்பாத்தி அத்தை: தேங்கா 51 நான் வாங்கிட்டேன். மீதி மணி