வேலைக்குப் போய்க்கொண்டே பல்கலைக்கழகம்: தென்னாப்பிரிக்காவில் படித்தவர்கள் சொல்லுங்கள்

பைன்டவுன்வாசி:

வணக்கம். குடோன் ஒன்றில் சரக்கு மேற்பார்வை செய்கிறேன். ஊரில் பாலிடெக்னிக் டிப்ளமா முடித்துவிட்டு இங்கே வந்தவன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மேனேஜர் பதவி காலியாகும்போதெல்லாம் டிகிரி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். வேலையில் இருப்பவர்களுக்காகப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, தொலைநிலைப் படிப்பு இவற்றில் சேர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பாடத்திட்டமும் கட்டணமும் விளம்பரத்திலேயே இருக்கின்றன. உள்ளே என்ன மாதிரி ஆட்கள் வருகிறார்கள், எப்படி நடத்துகிறார்கள் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

துறைமுகக் கணக்கு:

தம்பி, நான் டர்பனில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். கல்யாணமாகி வந்தபோது திருநெல்வேலியில் வாங்கிய பி.காம். கையில் இருந்தது. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் தொடர்கல்விப் பிரிவில் மேலாண்மை படித்தேன். வார நாட்களில் மாலை வகுப்பு, சனிக்கிழமை காலை வகுப்பு.

எனக்கு இருந்த பயமெல்லாம் இங்கிலீஷைப் பற்றித்தான். போய்ப் பார்த்தால் வகுப்பில் பாதிப் பேருக்கு அது தாய்மொழி இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு ஜூலு நர்ஸ் அம்மா. வெள்ளி இரவுப் பணி முடிந்ததும் உம்லாசியில் இருக்கும் வீட்டுக்குப் போகாமல் டாக்சி பிடித்து நேரே வகுப்புக்கு வருவார். தூக்கம் அழுத்தினால் எழுந்துபோய்ச் சுவரோரம் நின்றபடியே குறிப்பெடுப்பார். ஒருநாள் விரிவுரையாளர் தொழிலாளரை ஊக்கப்படுத்துவது பற்றி முக்கோணமெல்லாம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். எங்களில் பலரைவிட வயதில் சின்னவர். இந்த அம்மா கையைத் தூக்கி, “என் வார்டில் ராத்திரி முழுக்க ரெண்டே நர்ஸ். அவர்களை இந்த முக்கோணத்தில் எங்கே வைக்கட்டும்?” என்று கேட்டார். அந்தப் பையனைப் பாராட்டத்தான் வேண்டும். மழுப்பவில்லை. ஸ்லைடை அணைத்துவிட்டு, மீதி நேரம் முழுக்க அந்த வார்டையே பாடமாக நடத்தினார். அன்றைக்குப் பேசியது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. முக்கோணத்தில் எத்தனை அடுக்கு என்று கேட்டால் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழில் உறவுச் சட்டம் எங்களுக்கு ஒரு பாடம். 1995இல் வந்த அந்தச் சட்டத்தின் கீழ்தான் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சமரச ஆணையமும் அமைந்தது. ஒரு தொழிற்சாலையின் ஷாப் ஸ்டூவர்டும் (தொழிலாளர்களின் யூனியன் பிரதிநிதி) வேறொரு கம்பெனியின் எச்.ஆர். அதிகாரியும் ஒரே குழுவில் மாட்டிக்கொண்டார்கள். விரிவுரையாளர் வேண்டுமென்றே ஆளை மாற்றிப் போட்டு, நடித்துக் காட்டச் சொன்னார். யூனியன்காரர் முதலாளியாக உட்கார்ந்தாரா, நிஜ முதலாளி தோற்றுப்போவார், அவ்வளவு கறார். ஒரு தேநீர் இடைவேளைகூடத் தர மாட்டேன் என்றுவிட்டார். வகுப்பே சிரித்தது. ஆனால் தன் வேலை எவ்வளவு சுலபமாகக் கொடுமையாகிவிடும் என்பதை எச்.ஆர். அம்மாள் அன்றுதான் பார்த்ததாகச் சொன்னார்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். சேருவதற்கு முன் ஒரே கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்: இது பதிவு பெற்ற தகுதியா, குறுகியகாலப் படிப்பா? இந்த நாட்டில் தகுதிகள் பத்து நிலைகளாக இருக்கின்றன. மட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) 4, உயர் சான்றிதழ் 5, டிப்ளமா 6, சாதாரணப் பட்டம் 7, ஹானர்ஸ் 8. குறுகியகாலப் படிப்பை முடித்தால் சான்றிதழ் தருவார்கள். ஆனால் அது தனித் தகுதி ஆகாது. தொடர்கல்விப் பிரிவுகள் நடத்துவதில் நிறைய இந்த வகைதான். அதைக் குறை சொல்லவில்லை. சுங்க விதிமுறையோ எக்செலோ கற்றுக்கொள்ள அதுவே போதும். உங்களிடம் கேட்பது டிகிரி, அதனால் சொல்கிறேன். என் வகுப்பில் ஒருவர் ஒரு தனியார் நிறுவனத்தில் காசு கொட்டி வாங்கிய ‘டிப்ளமா’வோடு வந்தார். பல்கலைக்கழகம் அதிலிருந்து ஒரு கிரெடிட்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி முதல் பாடத்திலிருந்து உட்கார்ந்தார்.

உங்கள் ஊர் டிப்ளமாவை முதலில் சாக்வா என்ற தகுதி ஆணையத்துக்கு அனுப்பி மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டுத் தகுதி இங்கே எந்த நிலைக்குச் சமம் என்று சொல்வது அவர்கள்தான். குடோனில் இத்தனை வருடம் வேலை பார்த்த அனுபவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள ஆர்பிஎல் என்று ஒரு வழி இருக்கிறது, அதையும் விசாரியுங்கள்.

நேரக் கணக்கும் போட்டுப் பாருங்கள். 1 கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு. மூன்று வருடப் பட்டத்துக்கு 360 கிரெடிட். 12 கிரெடிட் பாடம் ஒன்றை 15 வாரத்தில் முடிக்க வேண்டுமானால் வாரத்துக்கு 8 மணி நேரம். ஒரே பருவத்தில் நான்கு பாடம் எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்பேன்.

சாட்ஸ்வொர்த் பேரன்:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். டர்பனில் நம் ஆட்களுக்குப் பல்கலைக்கழகப் படிப்பு ஆரம்பமானதே வேலை முடிந்த பிறகுதான். பகல் வகுப்பில் நமக்கு இடமில்லை. 1936இல் நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி வெள்ளையரல்லாதவர்களுக்குப் பகுதிநேர வகுப்பு தொடங்கியபோது அது நடந்த இடம் சாஸ்திரி கல்லூரி. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி பேரில் 1929இல் திறந்த பள்ளிக்கூடம் அது. வகுப்புகளை முன்னின்று நடத்தியவர் மேபல் பால்மர் என்ற அம்மையார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வயதில் இதை எடுத்துக்கொண்டார். வந்து படித்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி வாத்தியார்கள்.

என் தாத்தாவும் அதில் ஒருவர். பகலெல்லாம் கரும்புத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார், வார இறுதியில் ரயிலேறி டர்பன் போய் மாணவனாக உட்காருவார். வெள்ளை மாணவர்களுக்கு நடத்திய அதே பாடத்தை விரிவுரையாளர் மறுபடி இங்கே வந்து நடத்துவாராம். “இரண்டாம் தடவை சொல்வதால் எங்களுக்குத்தான் தெளிவாகச் சொன்னார்கள்” என்று தாத்தா கேலியாகச் சொல்வார். அந்தக் கேலிக்குள் கோபம் இருந்தது என்பது எனக்குப் பெரியவனான பிறகுதான் உறைத்தது.

தொழிற்கல்வியும் அப்படித்தான். எம்.எல். சுல்தான் 1890இல் கொல்லத்துப் பக்கமிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவர். பிறகு வியாபாரத்தில் சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் எழுந்த கல்லூரி இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிறது. என் அப்பா ஆடைத் தொழிற்சாலை ஷிப்ட் முடித்து அங்கே இரவு வகுப்புக்குப் போனவர். நானும் அதே வளாகத்தில்தான் வேலைக்குப் போய்க்கொண்டே படித்தேன். புரட்டாசி மாதத்தில் வகுப்புக்கு வெளியே பீன்ஸ் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவது) மட்டும் வாங்கும் கூட்டத்தைப் பார்த்தே நம்மவர்கள் யார் யார் என்று தெரிந்துவிடும். அந்த வரிசையில் நின்று பேசித்தான் எனக்கு இப்போதைய வேலை கிடைத்தது.

மிட்ராண்ட் ராத்திரி:

நான் யூனிசா, அதாவது தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் படித்தவன். வகுப்பே கிடையாது, அதனால் எனக்கு ‘உள்ளே’ என்று ஒன்று இல்லை. 1946லிருந்து தொலைநிலைக் கல்வி நடத்துகிறார்கள். மண்டேலா 1989இல் சட்டப் பட்டம் வாங்கியதும் இங்கேதான், சிறையில் இருந்துகொண்டே. இதைச் சொல்லாத யூனிசா மாணவன் இல்லை. நானும் சொல்லிவிட்டேன்.

தனியாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து நூலகத்தில் ஒரு கூட்டம் சேரும் என்று தெரிந்து போனேன். அங்கே ஒரு ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், எழுபதைத் தாண்டியவர், வரலாறு படித்துக்கொண்டிருந்தார். எதற்கு இந்த வயதில் என்று கேட்டேன். வாழ்நாளெல்லாம் ஜோகன்னஸ்பர்க்கின் கருப்பர் குடியிருப்பான சொவெட்டோ வழியாகவே பஸ் ஓட்டினேன், அங்கே நடந்ததை மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா என்றார். புத்தகத்து ஓரங்களில் பென்சிலால் ‘இல்லை’, ‘இல்லை’ என்று எழுதி வைத்திருப்பார். எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் மதிப்பெண் அதிகம்.

ஒரு எச்சரிக்கை. கோவிட் வந்த பிறகு தேர்வுகள் வீட்டிலிருந்து ஆன்லைனில். 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது நான் தேர்வு எழுதினேன், எந்த நேரத்தில் கரண்ட் போகும் என்று போனில் பார்த்துப் பார்த்து. இப்போது நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. ஆனாலும் ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வையுங்கள். தீபாவளி இங்கே பொது விடுமுறை இல்லை, தேர்வு அட்டவணை நம் பண்டிகையைப் பார்த்துப் போடுவதுமில்லை. ஒரு வருடம் எண்ணெய் தேய்த்த தலையோடு உட்கார்ந்து எழுதினேன்.

பாதியில் விட்டவள்:

நான் முடிக்கவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது, இரண்டாம் வருடத்தில் நிறுத்தினேன். தேறிய பாடங்களின் மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எல்லோரும் முடித்த கதையே சொல்கிறீர்கள், அதனால் எழுதினேன்.

பைன்டவுன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக எழுதிய சகோதரிக்குத் தனியாக ஒரு நன்றி. ஒரு சந்தேகம்: தேர்வுக்கு லீவு கேட்டால் முதலாளி கொடுத்தே ஆக வேண்டுமா?

துறைமுகக் கணக்கு:

இல்லை தம்பி. 1997ஆம் ஆண்டு வேலை நிபந்தனைச் சட்டத்தில் வருடாந்திர விடுப்பு 21 நாள் உண்டு, படிப்பு விடுப்பு என்று தனியாகக் கிடையாது. கம்பெனி விதியில் இருந்தால்தான் உண்டு, அதைப் பாருங்கள். ஆனால் கட்டணத்தைக் கேட்டுப் பார்க்கலாம். வருடச் சம்பளப் பட்டியல் 5 லட்சம் ரேண்டைத் தாண்டும் கம்பெனிகள் 1 சதவீதம் திறன் மேம்பாட்டு வரி கட்டுகின்றன. பயிற்சித் திட்டம் கொடுத்தால் அதில் ஒரு பகுதி செட்டா (அந்தந்தத் தொழில்துறைக்கான பயிற்சி அமைப்பு) வழியாகத் திரும்பி வரும். எச்.ஆரிடம் போய் ‘செட்டா’ என்ற பேச்சை எடுங்கள், நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்கள்.

பைன்டவுன்வாசி:

நாளைக்கே கேட்கிறேன் அக்கா. சனிக்கிழமை வகுப்பு டர்பனில்தான் கிடைக்கும் போலிருக்கிறது. எம்13 சாலையில் பைன்டவுன் பக்கமிருந்து யாராவது லிஃப்ட் கிளப் வைத்திருக்கிறீர்களா? பெட்ரோலில் பங்கு தருகிறேன்.