பைபாஸுக்குப் பிறகு கால் தையலில் வந்த சீழ்

மகள், மதுரை:
என் அப்பாவுக்கு 62 வயதில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனையில் சேரச் சொல்லியிருந்த நாளுக்கு முந்தைய இரவு, எப்படியும் அங்கே மழிக்கத்தானே போகிறார்கள் என்று அவரே புது பிளேடு போட்டு மார்பையும் கால்களையும் மழித்துக்கொண்டார். மறுநாள் வார்டில் அவரைப் பார்த்த செவிலியர், கணுக்காலுக்கு மேலே காய்ந்திருந்த இரண்டு கீறல்களைக் கண்டு மருத்துவரை அழைத்து வந்தார். அறுவை சிகிச்சை நான்கு நாள் தள்ளிப்போயிற்று. பிளேடு விட்டுச்செல்லும் நுண்ணிய கீறல்களில் கிருமிகள் பெருகும் என்பதும், முடி இடையூறாக இருந்தால் மட்டும் கிளிப்பரால் கத்தரிப்பார்கள் என்பதும் எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டில் கோட்டைவிட்டோம். வந்தவர்கள் எல்லாரும் மார்புத் தையலையே விசாரித்தார்கள். நாங்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பதாம் நாள் அப்பாவின் வேட்டியில், முழங்காலருகே உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் ஈரம் தெரிந்தபோதுதான், இதயத்தில் இணைப்பதற்காக இரத்தக்குழாய் எடுத்த காலை யாருமே கவனிக்கவில்லை என்பது உறைத்தது. அன்று சர்க்கரை 280 இருந்தது. பார்க்க வந்தவர்கள் ஆசையாகக் கொடுத்த மாம்பழத்தை வேண்டாமென்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பி, மருந்தை மாற்றி, மூன்று வாரம் கட்டுப் போட்ட பிறகே புண் ஆறியது.

அறுவை அரங்கச் செவிலியர், கோவை:
கீறலைக் கண்டு தேதியைத் தள்ளிவைத்தது சரியான முடிவு. எங்கள் அரங்கில், கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள், தொற்றைத் தடுக்கும் கிருமிக்கொல்லி மருந்தான செஃபசோலின் ஊசி ஏறியிருக்க வேண்டும். அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் மறுபடியும் போடுவோம். ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி தடவிய தோல் தானாகக் காயும்வரை துணி போர்த்த விடமாட்டோம், அறுவை மருத்துவரே அவசரப்பட்டாலும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் இந்த அறுவையின்போது சர்க்கரை ஏறும் என்பதால், இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தி 180-க்குள் வைத்திருக்கப் பார்ப்போம். மூக்கிலேயே குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி புண்ணுக்குப் பரவக்கூடும். அதற்காகத்தான் முன்கூட்டியே முப்பிரோசின் களிம்பு தடவச் சொல்கிறோம். நெஞ்சில் அறுவைக்கு மூக்கில் எதற்கு மருந்து என்று சிரிக்காத நோயாளி குறைவு.

இதய வால்வு மாற்றிக்கொண்டவர், திருச்சி:
பெண்களுக்காக ஒன்று சொல்கிறேன். தையலின் கீழ்முனை வியர்வையில் ஊறும். மார்பகத்தின் எடையும் அதை இருபுறமும் இழுக்கும். ஆகவே முன்பக்கம் கொக்கி வைத்த பருத்தி உள்ளாடையை இரவிலும் அணிந்திருந்தேன். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்த ஆறாம் நாள், புரண்டு படுத்தபோது நெஞ்செலும்பு 'களுக்' என்றது. வலியும் இல்லை, சீழும் இல்லை. என்றாலும் அன்றே போய்க் காட்டினேன். கம்பியால் கட்டிய எலும்பு அசைந்துகொண்டிருந்தால் தொற்று உள்ளே இறங்க வழியாகிவிடும் என்று சொல்லி, படம் எடுத்துப் பார்த்து, மார்புப் பட்டையை இறுக்கிக் கட்டி அனுப்பினார்கள்.